ராஜாவின் குதிரைகள் முட்டையை எப்படி ஒட்டும்?

1882இல் லண்டனில் ஒரு ஷில்லிங் விலையில் வந்த மெல்லிய படப்புத்தகம் ஒன்றில் வரும் ஒரு படத்தில் ஒரு தட்டு உடைந்து துண்டு துண்டாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்பூனை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக நின்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் கத்தி, இன்னொருவர் ஃபோர்க். இவர்கள்தான் ஸ்பூனின் அப்பா அம்மா என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நிற்கிற விதத்திலேயே தெரிகிறது.

பாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். 'ஹே டிடில் டிடில்'. எல்கேஜி என்ற ஒன்றைத் தாண்டி வந்த யாருக்கும் தெரியும். பூனை ஃபிடில் வாசிக்கும், மாடு நிலாவைத் தாண்டும், தட்டும் ஸ்பூனும் ஓடிப்போகும். பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. ராண்டால்ஃப் கால்டெகாட் என்ற ஓவியர் மட்டும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சரி, ஓடிப்போனாங்க, அப்புறம்? வீட்ல சும்மா விடுவாங்களா?

பார்த்த உடனே சிரிப்பு வரும். ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் வெளியே வரும். ஓடிப்போன ஜோடியில் ஒருவர் நொறுங்கிக் கிடப்பதும் இன்னொருவரை வீட்டுக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் எங்கள் பக்கத்துச் செய்தித்தாளுக்குப் புதிதில்லை. கால்டெகாட்டுக்கு கெங்கவல்லியையும் தெரியாது, ஆத்தூரையும் தெரியாது. பாட்டில் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை கைதட்டிச் சிரிக்கிற அதே பக்கத்தில் பெரியவர் ஒருவர் கொஞ்சம் அதிகநேரம் நிற்கும்படி ஒரு படம் போட்டார், அவ்வளவுதான்.

குழந்தைப் பாட்டை வேடிக்கையாக மறுசொல்லல் செய்கிற படப்புத்தகங்களை இரண்டு வருடமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். மகளுக்காக என்று சொல்லிக்கொள்வது. நிஜத்தில் எனக்காகவும்தான். பகலெல்லாம் கோடு எழுதுகிறவனுக்கு முப்பத்திரண்டு பக்கத்தில் முடிகிற எதுவும் ஒரு வரப்பிரசாதம். படித்ததில் ஒன்று பிடிபட்டது: இந்தப் புத்தகங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பாட்டைத் திருத்துகிறது. இன்னொன்று பாட்டை அப்படியே விட்டுவிட்டு, படத்தை வைத்து அதனோடு வம்பு இழுக்கிறது. முதல் வகைதான் அதிகம் விற்கிறது. இரண்டாவது வகைதான் எனக்கு வேண்டும். தமிழில் அது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதுதான் என் கவலை.

*

கால்டெகாட்டையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 1878இலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு புத்தகம், மொத்தம் பதினாறு. 1886இல், நாற்பது வயது நிறைவதற்குள் செத்துப்போனார். இன்று அமெரிக்காவில் சிறந்த படப்புத்தகத்துக்குக் கொடுக்கிற பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது.

'ஹே டிடில் டிடில்' வந்த அதே வருடம் 'பேபி பண்டிங்' என்ற தாலாட்டையும் வரைந்தார். அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார், குழந்தையைப் போர்த்த முயல்தோல் கொண்டுவருவார். மொத்தப் பாட்டே இதுதான். கால்டெகாட்டின் அப்பா துப்பாக்கியோடு கம்பீரமாகக் கிளம்புகிறார். ஒன்றும் மாட்டுவதில்லை. கடைசியில் டவுனுக்குப் போய்க் கடையில் தோலை விலைக்கு வாங்குகிறார். பாட்டு அப்பாவை வேட்டைக்காரர் என்கிறது, படம் "ஆமா ஆமா, பெரிய வேட்டைதான்" என்கிறது. எந்த அப்பாவும் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிவார்.

இதுவரை நகைச்சுவை. கடைசிப் படம் வேறு. அந்தத் தோலைப் போர்த்திக்கொண்டு, காது இரண்டும் தலைக்குமேல் தூக்கியிருக்க, குழந்தை அம்மாவோடு நடந்து போகிறது. மேட்டில் நிஜ முயல்கள் உட்கார்ந்திருக்கின்றன. குழந்தை முயல்களைப் பார்க்கிறது, முயல்கள் குழந்தையைப் பார்க்கின்றன. வார்த்தை கிடையாது. தான் போர்த்தியிருப்பது என்ன என்று அந்தக் குழந்தைக்குப் புரிந்துவிட்டதா, இல்லையா? தெரியாது. மாரிஸ் செண்டாக் இந்தப் படத்தைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். படமும் சொல்லும் ஒன்றையே சொல்லாமல் ஒன்றுக்கொன்று எதிர்ப்பாட்டு பாடுகிற கலையைக் கண்டுபிடித்தவர் கால்டெகாட்தான் என்பது அவர் கட்சி.

செண்டாக் சும்மா பாராட்டிவிட்டு நிற்கிற ஆள் இல்லை. 1965இல் 'ஹெக்டர் ப்ரொடெக்டர்' என்ற குட்டிப் பாட்டை எடுத்தார். பச்சை உடுப்பு போட்ட பையனை ராணியிடம் அனுப்புகிறார்கள், ராணிக்குப் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறார். இவ்வளவுதான் பாட்டு. ஏன் பிடிக்கவில்லை என்று பாட்டு சொல்வதில்லை. செண்டாக்கின் படத்தில் பையனுக்கு அந்தப் பச்சை உடுப்பே ஆகவில்லை. வழியில் சிங்கத்தையும் பாம்பையும் அடக்கிக் கூட்டிக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். ராணிக்குப் பிடிக்குமா என்ன? உறவுக்காரர் கல்யாணத்துக்கு வலுக்கட்டாயமாகச் சட்டை மாட்டிக் கூட்டிப்போகப்பட்ட எந்தப் பையனுக்கும் ஹெக்டரைப் புரியும்.

1993இல் அவரே இன்னும் தூரம் போனார். யாரும் நினைவில் வைத்திராத இரண்டு பழைய பாட்டுகளை ஒட்ட வைத்து 'வி ஆர் ஆல் இன் த டம்ப்ஸ் வித் ஜேக் அண்ட் கய்' என்ற புத்தகம். அதில் பிள்ளைகள் தெருவில், அட்டைப்பெட்டிக்குள், செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு வாழ்கிறார்கள். எலிகள் சீட்டாடி ஒரு சின்னப்பையனையும் பூனைக்குட்டிகளையும் ஜெயித்துக் கொண்டு போகின்றன. இது குழந்தைகளுக்கான புத்தகமா என்று அன்றே கேட்டார்கள், இன்றும் கேட்கலாம். எனக்கு இந்தப் புத்தகம் முழுக்க ஒத்துவரவில்லை. படம் பாட்டை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறது, சிரிக்க இடமில்லை. ஆனாலும், இருநூறு வருடம் பழைய ஒரு உளறல் பாட்டுக்குள் வீடில்லாத பிள்ளைகளுக்கு இடம் இருந்திருக்கிறது என்பதைக் காட்டியது அதுதான்.

*

இப்போது திருத்துகிறவர்கள். 1985இல் டக்ளஸ் லார்ஷ் என்பவர் 'ஃபாதர் கேண்டர்' என்று ஒரு தொகுப்பு போட்டார். 'மதர் கூஸ்' பாட்டுகளில் உள்ள வன்முறை, ஆண் பெண் பாகுபாடு எல்லாவற்றையும் நீக்கிச் சமத்துவமாக்கியது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்து எந்தக் குழந்தை விழுந்து விழுந்து சிரித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

நம் ஊரிலேயே இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. சென்னையில் 2013இல் தொடங்கிய சூசூ டிவி. படப்புத்தகம் இல்லை, யூடியூப். ஆனால் இன்றைக்குப் பாதி உலகத்துக் குழந்தைகளின் படப்புத்தகம் அதுதான். பழைய ஆங்கிலப் பாட்டுகளின் சோகமான முடிவுகளை நல்லபடியாக மாற்றியதைத் தங்கள் தனித்தன்மையாகவே அவர்கள் பேட்டிகளில் சொன்னார்கள். ஜேக்கும் ஜில்லும் விழுந்ததோடு நிற்பதில்லை. எழுந்து, மறுபடி மலையேறுகிறார்கள். விடாமுயற்சி.

மென்பொருள்காரனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இது பக் ஃபிக்ஸ். யாரோ டிக்கெட் போட்டிருக்கிறார்கள்: 'ஜேக் கீழே விழுகிறான், எதிர்பார்த்தது: தண்ணீரோடு திரும்ப வேண்டும்.' டெவலப்பர் பேட்ச் போட்டு மூடிவிட்டார். ஆனால் அந்தப் பாட்டில் விழுவது பக் இல்லை, அதுதான் ஃபீச்சர். மடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அந்த வரி வரும்போது டபக்கென்று முழங்காலுக்கு நடுவில் நழுவவிட்டுப் பிடித்துப் பாருங்கள். "இன்னொருக்கா" என்று கேட்கும். அது கேட்பது விழுகிறதைத்தான், எழுந்து மலையேறுவதை இல்லை. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு விழுந்து பார்க்கிற சுகம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உடற்பயிற்சி வகுப்பு.

திருத்துவதெல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. டான் சாண்டாட் 2017இல் வரைந்த 'ஆஃப்டர் த ஃபால்' புத்தகத்திலும் விழுந்தவன் மறுபடி ஏறுகிறான். ஹம்ப்டி டம்ப்டியை ஒட்டிவிட்டார்கள், ஆனால் ஒட்ட முடியாதது ஒன்று மிச்சமிருக்கிறது: உயரத்தைக் கண்டால் பயம். மளிகைக் கடையில் மேல்தட்டில் இருக்கிற நல்ல சீரியலை எடுக்க முடியாமல் கீழ்த்தட்டில் இருக்கிற உப்புச்சப்பில்லாததை வாங்கிக்கொண்டு போகிறான். இந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம். கடைசியில் சுவரேறுகிறான், ஓடு வெடிக்கிறது, (தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவவும்) உள்ளிருந்து பறவை வருகிறது.

இதுவும் தன்னம்பிக்கைக் கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய முடிவு இல்லை. முட்டைக்குள் என்ன இருக்கும்? குஞ்சு. பாட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் சாண்டாட் எழுப்புகிறார். சூசூ டிவியின் ஜேக்கை எழுப்பியது அவன் கதை இல்லை, பெற்றோரின் ஆசை.

*

முட்டை என்றதும் எங்கள் பக்கத்துக்காரன் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா? நாமக்கல் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். முப்பது முட்டை டிரேக்களை அடுக்கிக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் போகிற ஊர்கள்.

ஹம்ப்டி டம்ப்டி பாட்டில் முட்டை என்ற சொல்லே கிடையாது. கவனித்திருக்கிறீர்களா? ஒருவன் சுவரில் உட்கார்ந்தான், விழுந்தான், ராஜாவின் ஆட்களாலும் சேர்த்து வைக்க முடியவில்லை. அது ஒரு விடுகதை. விழுந்தால் திரும்ப ஒட்டவே முடியாதது எது? யோசி. நம் ஊரிலும் முட்டைக்கு விடுகதைகள் உண்டு. அப்பாயிகள் இருட்டில் உட்கார்ந்து போடுவார்கள், விடை சொல்லும்வரை விடமாட்டார்கள். ஹம்ப்டி விடுகதைக்கு விடை என்றைக்கோ வெளியே வந்துவிட்டது. 1871இல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் இரண்டாம் புத்தகத்தில் ஹம்ப்டி முட்டையாகவே வந்து சுவரில் உட்கார்ந்து பேசினார், ஜான் டென்னியல் அதை வரைந்தார். அன்றிலிருந்து உலகத்திலுள்ள நர்சரிச் சுவரெல்லாம் டை கட்டிய முட்டை. படம் விடுகதையைக் கொன்ற இடம் இது. படம் எப்போதும் நல்லது செய்யும் என்று நான் சொல்லவரவில்லை.

நான் படித்த ஆங்கில மீடியம் பள்ளியின் சுவரிலும் அந்த முட்டை இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளி. அங்கே தட்டில் நிஜ முட்டை, சத்துணவில். நாங்கள் சுவரிலிருந்து விழுகிற முட்டையைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல ஹம்ப்டி டம்ப்டி மறுசொல்லலை யாராவது எழுத முடியுமா? இரண்டு பக்கம் விரியும் ஒரு படம், நடுவில் சுவர், மேலே அவர். எந்தப் பக்கம் விழப்போகிறார்? ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை.

என் மகளின் கேள்வி இன்னும் நேரானது. "அப்பா, குதிரை எப்பிடிப்பா முட்டைய ஒட்டும்? அதுக்குக் கையே இல்லியே." முப்பது வருடமாக இந்தப் பாட்டு எனக்குத் தெரியும், ஒரு நாள்கூட இது தோன்றியதில்லை. குளம்பில் ஃபெவிகால் ஒட்டிக்கொண்டு திணறுகிற ஒரு குதிரை. பின்னால் வரிசையில் நிற்கிற மற்ற குதிரைகள். மேசைக்கு அந்தப் பக்கம் ராஜா, பட்ஜெட் கணக்கோடு. நல்ல மறுசொல்லல் பெரும்பாலும் இப்படி ஒரு முட்டாள்தனமான கேள்வியில்தான் தொடங்குகிறது. பாட்டை அப்படியே நம்பி, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கேள்வி வரும். திருத்த நினைப்பவருக்கு வராது.

*

தமிழுக்கு வருவோம். இங்கே குழந்தைப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'பசுவும் கன்றும்' எந்த உபதேசமும் செய்யாமல் ஒரு மாட்டையும் கன்றையும் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதில் இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்தவர். சேலத்து மாம்பழத்தைப் பாட்டில் ஏற்றியவர் என்பதால் எங்கள் ஜில்லாவில் அவருக்குத் தனி மரியாதை. அவரிடம் குறும்பு இருந்தது, சத்தத்தின் மேல் ஆசை இருந்தது.

ஆனால் அவர்களைச் சுற்றி நாம் கட்டிய வேலி வேறு. பிள்ளைக்குப் பாட்டு என்றால் அது எதையாவது கற்றுத்தர வேண்டும். ஆத்திசூடியிலிருந்து பாரதியின் பாப்பா பாட்டு வரைக்கும் நம் பெருமைமிக்க குழந்தை வரிகளில் பெரும்பாலானவை ஏவல் வினையில் முடிகின்றன. செய், செய்யாதே. பாரதியை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஏவல் வினைக்குப் படம் வரைந்து பாருங்கள்: சொன்னதைச் செய்கிற பிள்ளை ஒன்று, செய்யாத பிள்ளை ஒன்று. முடிந்தது. படம் குறுக்கே பேச இடமே இருக்காது. பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்குகிற ரைம்ஸ் புத்தகங்களைப் பாருங்கள். நிலா என்றால் நிலா, காக்கா என்றால் காக்கா. சொல்லுக்கு எடுபிடியாக நிற்கிறது படம்.

வங்காளத்தில் சுகுமார் ராய் இந்த வேலியைத் தாண்டினார். 1923இல் வந்த 'ஆபோல் தாபோல்' முழுக்க அர்த்தமில்லாத ஆனந்தம், படங்களும் அவரே. அச்சாகி வெளிவருவதற்குச் சில நாள் முன்பு இறந்துவிட்டார். ஒன்பது ரசத்துக்கு வெளியே ஒன்றைச் சொல்லி, இந்தப் புத்தகம் 'கேயால் ரசம்' என்று முன்னுரையில் அறிவித்தார். மனம்போன போக்கு ரசம் என்று வைத்துக்கொள்ளலாம். வங்காளிகள் அதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கவில்லை, தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

சென்னையிலும் நடந்தது, ஆனால் ஆங்கிலத்தில். தாரா புக்ஸ் வெளியிட்ட அனுஷ்கா ரவிசங்கரின் 'டைகர் ஆன் எ ட்ரீ' (1997). புலக் பிஸ்வாஸ் ஆரஞ்சு, கறுப்பு இரண்டே நிறத்தில் வரைந்தார். ஊருக்குள் வந்த புலி மரத்தில் ஏறிவிடுகிறது, ஊரே கூடி வலை போட்டுப் பிடிக்கிறது, பிடித்தபிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பழைய பாட்டின் மறுசொல்லல் இல்லைதான், புதுப்பாட்டு. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்து எப்படி நடக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்ததில்லை. வரிகள் கைக்குட்டை அளவு; மீதியெல்லாம் புலியின் முகத்தில். இந்தக் காது தமிழ்ப் பாட்டின் பக்கம் திரும்பியிருந்தால் என்று ஏங்கியிருக்கிறேன்.

சொல்லப்போனால் வேலைக்கு ஆள் இல்லாமலும் இல்லை. கடைசி பெஞ்சுப் பையன்கள் எந்தக் காலத்திலும் பாட்டை விட்டுவைத்ததில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த ரைமுக்குள் ஹெட்மாஸ்டரின் வழுக்கையும் பக்கத்து பெஞ்சுக்காரன் பட்டப்பெயரும் அரைமணி நேரத்தில் ஏறிவிடும். ராகம் பிசகாது, அசை கூடக் குறையாது. அது கண்டிப்பான யாப்புப் பயிற்சி. நாம்தான் அதைப் பிரம்பால் விசாரித்தோம்.

*

'ரெயின் ரெயின் கோ அவே' பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மழையை நம்பிப் பிழைக்கிற நாட்டில் மழையைப் போகச் சொல்லிப் பிள்ளைகள் பாடுவதா என்பது பழகிப்போன புகார். எங்கள் அப்பாயிக்கும் அதே கோபம். நான் பாடியதை அர்த்தம் கேட்டுவிட்டு, "மழையப் போன்னு பாடுற பள்ளிக்கொடத்துக்கா சாமி பீஸு கட்டறம்?" என்றார். சுவேத நதி பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கீழே வெறும் மணலைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அந்தக் கோபம் எனக்குப் புரியும். பாட்டைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கு என்று முடிப்பவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துவராது.

ஏனென்றால் எங்கள் ஊரிலேயே மழையைப் போகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு. மானாவாரியில் நட்டவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதே கிழங்கு சேகோ ஆலைக்குப் போய் அரைபட்டு, மாவாகிச் சிமெண்ட் களத்தில் வெயிலில் காயும். அந்த நேரத்தில் நாலு தூறல் விழுந்தால் போதும், களத்தில் வேலை செய்கிற பெண்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே! அவர்கள் மழையிடம் சொல்வதைக் கேட்டால் இங்கிலீஷ் ரைம் ரொம்ப மரியாதையானது என்று தெரியும். காட்டில் ஒருவர் வா என்கிறார், களத்தில் ஒருவர் போ என்கிறார், நடுவானத்தில் மேகம் கையில் பெட்டியோடு நிற்கிறது. கிழங்கு ஒன்றுதான். இந்தப் படம் வந்துவிட்டால் அந்தப் பாட்டு அந்நியப் பாட்டா?

நம் பாட்டிலும் மழை குற்றவாளிக் கூண்டில் நிற்கிற இடம் ஒன்று உண்டு. கொழுக்கட்டைப் பாட்டு. வேகாத கொழுக்கட்டையைக் காரணம் கேட்டால் அது அடுப்பைக் கைகாட்டும், அடுப்பு மழையைக் கைகாட்டும், மழை புல்லை, புல் மாட்டை. ஊருக்கு ஒரு விதமாகச் சங்கிலி நீளும். தெலுங்கில் ஏழு மீன் கதையும் இதே குடும்பம். அங்கே காயாத மீனிலிருந்து விசாரணை தொடங்கும். ஆங்கிலத்தில் ஜேக் கட்டிய வீடு, கால்டெகாட் 1878இல் முதன்முதலாக வரைந்த புத்தகங்களில் ஒன்று. ஆனால் ஆங்கிலச் சங்கிலி வெறுமனே அடுக்கிக்கொண்டே போகிறது. நம்முடையது கேள்வி கேட்கிறது. யாரும் பொய் சொல்வதில்லை, எல்லோரிடமும் நியாயமான காரணம் இருக்கிறது, கொழுக்கட்டை மட்டும் வேகவில்லை. ஒரு டிக்கெட் டீம் டீமாகக் கைமாறி, ஒவ்வொருவரும் 'எங்க பக்கம் சரியா இருக்கு' என்று எழுதி அடுத்தவருக்கு அசைன் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டின் ஆழம் தெரியும்.

இதற்கு ஒரு படப்புத்தகம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சொற்களை அப்பாயி சொன்னபடியே வைத்துக்கொள்ளலாம், ஒரு எழுத்து தொட வேண்டாம். கேள்வி கேட்டுக்கொண்டு ஒரு சிறுமி பக்கம் பக்கமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறாள்: அடுப்படி, வாசல், மேய்ச்சல் காடு, மாட்டுத்தொழுவம். மழை வருகிற பக்கம் மட்டும் இரட்டைப் பக்கம். இடதில் கிழங்குக் காடு, வலதில் சேகோ களம், தார்ப்பாய்கள். அவளுக்குப் பின்னால் சாட்சிகளின் கூட்டம் சேர்ந்துகொண்டே போகிறது, நனைந்த விறகு முதல் மாடு வரை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் வீடு தெரியும், கூரை வழியாகப் புகை. முதலில் இல்லை, பிறகு கொஞ்சம், பிறகு நிறைய. அடுப்பு எப்போதோ பற்றிக்கொண்டது. எல்லோரும் விசாரணையில் இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை. பார்க்கிற குழந்தை மட்டும் முதல் தடவையிலோ மூன்றாம் தடவையிலோ கண்டுபிடித்துக் கத்தும். கடைசிப் பக்கத்தில் சொல் கிடையாது. கூட்டம் மொத்தமும் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. உள்ளே இட்லிப் பானை திறந்திருக்கிறது, தட்டு காலி, பூனை ஒன்று மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. பூனையைப் பாட்டு ஒரு இடத்திலும் சொல்லவே இல்லை.